எண்ணூர் ரோட்டில் ஓட்டியவனுக்கு மெக்சிகோ ரோடு

தங்கையும் மாப்பிள்ளையும் நானுமாக வாடகைக் கார் எடுத்து மெக்சிகோவில் பதினேழு நாள் சுற்றியதைப் பற்றி இரண்டு இதழுக்கு முன் நாலு வரி எழுதப்போக, கேள்விகள் கட்டுக்கட்டாக வந்துவிட்டன. தலைநகரில் கிளம்பி புவெப்லா, வஹாக்கா, பசிபிக் கரை, சியாபாஸ் மலை, பலெங்கே, வெராக்ரூஸ் என்று ஒரு பெரிய வட்டம் அடித்தோம். வந்ததில் சில கேள்விகள் மட்டும் இங்கே.

துப்பாக்கி, கடத்தல் என்றுதானே செய்தியில் வருகிறது, பயமாக இல்லையா? (வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை)

இருந்ததும்மா. ஆனால் ராயபுரத்தில் வீடு என்று சொன்னதும் தெற்குச் சென்னைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார் இல்லையா, அந்தப் பார்வை கொஞ்சம் மெக்சிகோ மேலும் விழுகிறது. அதற்காக ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். சினலோவா, குவெர்ரெரோ மாநிலங்களை வரைபடத்திலேயே அடித்துவிட்டோம், சியாபாஸில் குவாத்தமாலா எல்லைப் பக்கம் தலை வைக்கவில்லை, தினமும் காலையில் தங்கின இடத்தில் 'இன்று இந்த வழி எப்படி' என்று கேட்ட பிறகுதான் சாவியைப் போட்டோம். சாயங்காலம் நாலு மணிக்குள் ஊர் சேர்ந்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் கறாரான சட்டம். அது திருடனுக்குப் பயந்து மட்டும் இல்லை, இருட்டில் ரோட்டில் படுத்திருக்கும் மாட்டுக்கும் பின்விளக்கு இல்லாத லாரிக்கும் பயந்து.

விசா, லைசென்ஸ்? (கல்லூரி மாணவர், வியாசர்பாடி)

செல்லுபடியாகும் அமெரிக்க விசா பாஸ்போர்ட்டில் இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம், 180 நாள் வரை இருக்கலாம். இல்லையென்றால் வாங்கித்தான் ஆக வேண்டும். ஆர்.டி.ஓ. ஆபீஸில் சர்வதேச பர்மிட் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு வருடம் செல்லும்.

நான் டிரெய்லர் ஓட்டுகிறேன். அந்த ஊர் லாரிகள் எப்படி? வலப்பக்கம் ஓட்டுவது கஷ்டமா? (வாசகர், திருவொற்றியூர்)

உங்கள் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். வலப்பக்கம் ஓட்டுவது இரண்டே நாளில் பழகிவிடும், கை மட்டும் பழகாது. இண்டிகேட்டர் போடுவதாக நினைத்து வைப்பரைப் போட்டுக்கொண்டே போனேன், மழையே இல்லாத புவெப்லா சாலையில் கண்ணாடி பளபளவென்று இருந்தது. லாரிகள் பெரிசு அண்ணே, ஒரே இழுவைக்குப் பின்னால் இரண்டு டிரெய்லரைக் கோத்துக்கொண்டு போகிறார்கள், எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் துறைமுகத்துக்கு நிற்கும் கன்டெய்னர் வரிசையே நகர்ந்து போவது மாதிரி இருக்கும். முன்னால் போகும் லாரி இடது இண்டிகேட்டர் போட்டால் 'எதிரே யாரும் இல்லை, ஏறிப் போ' என்று அர்த்தம், நம்மூரில் வலது கையை ஆட்டி வழிவிடுகிற அதே மரியாதை. சிக்கல் என்னவென்றால், அவர் நிஜமாகவே இடது பக்கம் திரும்பப்போகிறார் என்றாலும் அதே விளக்குதான்! பிரேக் விளக்கு எரிகிறதா, இடதுபுறம் கிளைச்சாலை ஏதாவது பிரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஏறுவேன். தெஹுவாந்தெபெக் பக்கம் லா வெந்தோசா என்று ஒரு இடம், நம் முப்பந்தல் போல ஒரே காற்றாலைக் காடு. அங்கே காற்று லாரியையே கவிழ்த்துவிடும், எங்கள் சின்னக் காரை மாப்பிள்ளை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓட்டினார்.

ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் போகலாம்? (வாசகர், பெரம்பூர்)

கிலோமீட்டரை விடுங்கள், அங்கே எந்த ரோடு என்பதுதான் கணக்கு. காசு கட்டும் ரோட்டுக்கு குவோத்தா, இலவச ரோட்டுக்கு லிப்ரே என்று பெயர். குவோத்தாவில் கையில் அந்த ஊர்ப் பணமான பெசோ ரொக்கமாக இருந்தால் போதும், வழுக்கிக்கொண்டு போகலாம். அந்த நெடுஞ்சாலைகளில் வண்டி நின்றுபோனால் 078க்கு அடித்தால் 'பச்சைத் தேவதைகள்' என்ற அரசாங்க உதவி வண்டி வரும், வேலைக்குக் கூலி கிடையாது. வஹாக்காவிலிருந்து புவெர்த்தோ எஸ்கொந்தீதோ கடற்கரைக்கு முன்பெல்லாம் வளைவுகளில் ஆறு மணி நேரத்துக்கு மேல் குடலைப் புரட்டிக்கொண்டு போக வேண்டும், 2024 பிப்ரவரியில் புது ரோடு திறந்த பிறகு மூன்று மணி நேரம்கூட ஆவதில்லை. அந்தத் தைரியத்தில்தான் மாட்டினோம். சியாபாஸ் மலையில் இருக்கும் சான் கிறிஸ்தோபல் ஊரிலிருந்து பலெங்கே இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், மேப் ஐந்து மணி நேரம் என்றது, எங்களுக்கு எட்டரை ஆனது. காரணம் தோபே, அதாவது வேகத்தடை. ஊருக்கு ஊர், பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று, பழம் விற்கும் பாட்டி கடைக்கு ஒன்று. பெயின்ட் கிடையாது, பலகை கிடையாது. தங்கை எண்ணிக்கொண்டே வந்து நூறைத் தாண்டியதும் நிறுத்திவிட்டாள். மரநிழலில் பதுங்கியிருந்த ஒன்று எங்கள் முன் டயரைக் கிழித்தது. ஆனால் பாருங்கள், பழைய டயரைக் கம்பத்தில் தொங்கவிட்டிருந்தால் பஞ்சர் கடை என்பது அங்கேயும் அதே வழக்கம், அரை கிலோமீட்டரில் ஒன்று கிடைத்தது. மலைரோட்டில் மேப் சொல்லும் நேரத்தோடு பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

வழிமறித்துக் காசு கேட்பார்களாமே? (வாசகி, கொருக்குப்பேட்டை)

கேட்பார்கள். அதே பலெங்கே வழியில் சின்னப் பசங்க ரோட்டுக்குக் குறுக்கே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், வாழைப்பழமோ வறுத்த தின்பண்டமோ வாங்கினால் கயிறு இறங்கும். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்ற உண்டியலோடு நம் தெருமுனையில் நிற்கும் பசங்க ஞாபகம்தான் வந்தது, சில்லறை கொடுத்துச் சிரித்துவிட்டுப் போனோம். பெரியவர்கள் மரத்தைப் போட்டு மறித்திருந்தால் விஷயம் வேறு, அது ஊர்ப் போராட்டம், வாக்குவாதம் பண்ணாமல் திரும்பிவிடுங்கள். இன்னொரு ஊரில் ஒரு போக்குவரத்துக்காரர் நிறுத்தி, இல்லாத தப்புக்கு ஐந்நூறு பெசோ கேட்டார். லஞ்சத்துக்கு அங்கே பெயர் 'கடி'. ரசீது எழுதுங்கள், ஸ்டேஷனில் கட்டுகிறோம் என்று மாப்பிள்ளை தனக்குத் தெரிந்த ஸ்பானிஷில் பத்து நிமிடம் நின்றார், அவருக்கே அலுத்துப்போய் அனுப்பிவிட்டார்.

பணம் எங்கே அதிகம் போனது? (வாசகர், மணலி)

கார் எடுக்கும் இடத்தில். இணையத்தில் காட்டிய வாடகை தம்மாத்துண்டு, கவுன்ட்டரில் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்று சேர்த்தபோது இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. அந்தக் காப்பீடு சட்டப்படி வேண்டியதுதான், முதலிலேயே சொல்லியிருக்கலாம் என்பதுதான் என் வயிற்றெரிச்சல். பெட்ரோல் பங்க்கில் நம்மூர் மாதிரியே ஆள்தான் அடிப்பார், 'ஜீரோ பாருங்க' என்பார், பாருங்கள். தலைநகருக்குள் கார் வேண்டவே வேண்டாம். புகைத் தரத்தையும் நம்பர் பிளேட்டின் கடைசி எண்ணையும் வைத்து இன்ன நாள் ஓட்டக்கூடாது என்று 1989இல் ஆரம்பித்த சட்டம் இருக்கிறது, மெட்ரோ இருக்கிறது. அப்புறம், அந்த ஊர் ஊட்டி உயரத்தில் இருக்கிறது, முதல் நாள் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும்.

சாப்பாடு ஒத்துக்கொண்டதா? (வாசகி, காசிமேடு)

மிளகாயே அங்கிருந்து போர்ச்சுகீசியர் கையால் நமக்கு வந்ததுதானே, ஒத்துக்கொள்ளாமல் எங்கே போகும். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஊறவிட்டு, கழுவி அரைத்துச் சுடும் தோர்த்தியா வாசனையில் நான் மயங்கிவிட்டேன். மோலே என்று ஒரு குழம்பு, காய்ந்த மிளகாய், எள், பட்டை, கிராம்பு, கூடவே கொஞ்சம் சாக்லேட். முதல் வாய் புரியவில்லை, மூன்றாவது வாயில் கல்யாண வீட்டு மசாலா ஞாபகம் வந்தது. வஹாக்கா சந்தையில் பூண்டு, மிளகாய், எலுமிச்சை போட்டு வறுத்த வெட்டுக்கிளியைக் கூடையில் குவித்து விற்கிறார்கள், கண்ணை மூடிக்கொண்டு தின்றால் நெத்திலிக் கருவாடு. தங்கை கிட்டேயே வரவில்லை. சப்போட்டாவுக்கும் அதுதான் சொந்த ஊர், பெயரும் அவர்களுடைய பழைய நாவாட்டல் மொழியிலிருந்து ஸ்பானிஷ் வழியாக வந்தது.

திரும்பப் போவீர்களா? (வாசகர், தண்டையார்பேட்டை)

அடுத்த விடுமுறைக்கே போவேன், பாதி வட்டம் மட்டும், வஹாக்காவிலேயே ஒரு வாரம். மாப்பிள்ளையைக் கேட்டால் பலெங்கே பேச்சையே எடுக்காதீர்கள் என்கிறார். அன்று வெயிலில் ஸ்டெப்னி மாற்றியது அவர்தான், நான் நிழலில் நின்று பழம் உரித்துக்கொண்டிருந்தேன்.