பகுப்பாய்வு வேதியியல்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: 400 பார் அழுத்தம் வரை தாங்கும் பழைய எச்.பி.எல்.சி. (உயர்திறன் திரவப் பிரிப்பு) கருவியில் 1.7 மைக்ரான் துகள் நிரப்பிய பிரிப்புக் குழாயைப் பொருத்தலாமா?

பதில்: வேண்டாம். துகளின் விட்டம் பாதியானால், அதே ஓட்ட வேகத்துக்கு அழுத்தம் நான்கு மடங்காகும். திண்ம உட்கரு கொண்ட 2.7 மைக்ரான் துகள் ஏறத்தாழ அதே பிரிதிறனைப் பாதி அழுத்தத்தில் தரும்.

கேள்வி: ஐ.சி.பி.-எம்.எஸ். (தனிமங்களைப் பிளாஸ்மாவில் அயனியாக்கி நிறைவாரியாக அளக்கும்) கருவியில் எல்லா மாதிரிகளிலும் ஆர்செனிக் கூடுதலாக வருகிறது. கருவி பழுதா?

பதில்: எந்த அமிலத்தில் மாதிரியைச் செரித்தீர்கள் என்பதையே எழுதாமல் கருவியைக் குறை கூறுவது முறையன்று. ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்திருந்தால், பிளாஸ்மாவின் ஆர்கான் 40-உம் அமிலத்தின் குளோரின் 35-உம் இணைந்து 75 என்னும் நிறையில் ஓர் அயனியாகும். ஆர்செனிக்குக்கோ 75 தவிர வேறு நிலையான ஐசோடோப்பு இல்லை. ஹீலியம் மோதல் அறை (அயனிகள் ஹீலியம் வாயுவில் மோதிச் செல்லும் பகுதி) இவ்வயனியைப் பெருமளவு நீக்கும். டிரிபிள் குவாட்ருபோல் (நிறைவாரியாக இருமுறை வடிகட்டும்) கருவி இருந்தால், ஆக்சிஜனைச் செலுத்தி, அதனோடு இணைந்த ஆர்செனிக்கை 91 என்னும் நிறையில் அளக்கலாம். எவ்வழியானாலும், அதே அமிலக் கலவையில் பிளாங்க் (மாதிரி சேர்க்காத வெற்றுக் கரைசல்) ஓட்டாமல் எண்ணை நம்பாதீர்கள்.

கேள்வி: தாவரச் சாற்றில் பூச்சிக்கொல்லி எச்சத்தை எல்.சி.-எம்.எஸ்./எம்.எஸ். (திரவப் பிரிப்போடு இணைந்த இருகட்ட நிறைமானி) மூலம் அளக்கிறோம். கரைப்பானில் வரைந்த அளவுத்திருத்தக் கோட்டின் ஒட்டுறவுக் கெழு 0.999, ஆனால் சேர்த்ததில் பாதிதான் கிடைக்கிறது. பிரித்தெடுப்பில் இழக்கிறோமா?

பதில்: அந்த 0.999 தூய கரைப்பானைப் பற்றியது. உங்கள் சாற்றைப் பற்றி அது எதுவும் சொல்லாது. இதைப் பலமுறை எழுதியும் அதே கடிதம் வந்துகொண்டே இருப்பது வருத்தமளிக்கிறது. எலக்ட்ரோஸ்பிரேயில் (கரைசலை மின்னூட்டத் துளிகளாகத் தெளித்து அயனியாக்கும் பகுதியில்) தெளிக்கப்படும் துளியின் மின்னூட்டத்துக்கு, சேர்மத்தோடு ஒரே நேரத்தில் வெளியேறும் நிறமிகளும் கொழுப்புகளும் போட்டியிடுவதால் சமிக்ஞை அடங்கிவிடுகிறது. பொருள் குறையாமலே எண் குறைகிறது. எச்சமில்லாத சாற்றைப் பிரித்தெடுத்து முடித்த பின் சேர்மத்தைக் கலந்து ஓட்டுங்கள்: அப்போதும் பாதிதான் வந்தால் பிரித்தெடுப்பு குற்றமற்றது. குழாய்க்குப் பின் சேர்மத்தைச் சீராகச் செலுத்திக்கொண்டே வெற்றுச் சாற்றை உட்செலுத்தினால், நேர்கோடாக ஓடும் சமிக்ஞை எந்த நிமிடத்தில் பள்ளமாகிறது என்பது திரையிலேயே தெரியும். 2003-இல் வெளிவந்த குவெச்சர்ஸ் என்னும் எளிய பிரித்தெடுப்பு முறை மாதிரித் தயாரிப்பை விரைவாக்கியது. ஆனால் அதன் தூய்மிப்புப் படியைச் சுருக்குவோர்தான் இந்தப் பள்ளத்தில் விழுகிறார்கள். கருவி போதிய உணர்திறன் உடையதெனில் சாற்றைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்யுங்கள். இல்லையேல் வெற்றுச் சாற்றிலேயே அளவுத்திருத்தம் செய்யுங்கள். ஐசோடோப்பு ஏற்றிய உள்தரம் (ஒப்பிடுவதற்காக மாதிரியில் அளந்து சேர்க்கும் அதே சேர்மம்) வாங்க இயன்றால், கார்பன் 13 ஏற்றியதே மேல். டியூட்டீரியம் ஏற்றியது சற்று முன்னதாக வெளியேறி, வேறு அளவு சமிக்ஞை அடக்கத்துக்கு ஆளாகக்கூடும்.

கேள்வி: எங்கள் முறையின் கண்டறியும் எல்லை எவ்வளவு இருக்கும்?

பதில்: சேர்மம், மாதிரி, கருவி ஆகிய மூன்றில் ஒன்றைக்கூட எழுதாத கடிதத்துக்கு எண் தர இயலாது. இரைச்சலைப் போல் மூன்று மடங்கு சமிக்ஞை கண்டறிய, பத்து மடங்கு அளவிட. இடைப்பட்டதை எண்ணாக அறிக்கையில் எழுதாதீர்கள். பிளாங்க் ஓட்டினீர்களா?

கேள்வி: கையடக்க ராமன் கருவியில் (லேசர் ஒளிச் சிதறலைக் கொண்டு பொருளை இனங்காண்பது) மாதிரியின் ஒளிர்வு நிறமாலையை மறைக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: 785 நானோமீட்டருக்கு மாற்றாக 1064 நானோமீட்டர் லேசரைப் பயன்படுத்துங்கள். சிதறல் மூன்றில் ஒரு பங்காகக் குறையும் என்பதால் பதிவு நேரத்தைக் கூட்டுங்கள். ஆனால் கருநிறத் தூளில் முழுத் திறனைச் செலுத்தினால் தூள் எரியும், வெடிக்கும் தன்மையுடையதாயின் ஆபத்து.