அந்தச் சின்ன ஜீப்பில் ஆசை வைப்பது பிழையா?

கேள்வி: எனக்குக் களுவாஞ்சிக்குடி. மட்டக்களப்பு ரவுணில் வங்கியில் வேலை. பல வருடமாக அல்டோ 800தான் ஓடுகிறேன். தோழி ஒருத்தியின் அவுடி கியூ2வை ஒருநாள் ஓடிப் பார்த்ததிலிருந்து மனம் அதிலேயே நிற்கிறது. கொழும்பில் 2018ஆம் ஆண்டு வாகனமொன்று விலைக்கு நிற்கிறது. பாதிக் காசு சுவிஸிலிருந்து தம்பி தருகிறான், மிச்சம் லீசிங். “ஊருக்குப் படம் காட்டவா?” என்கிறார் இவர். முழங்கால் வருத்தமுள்ள அம்மாவுக்கு ஏறி இறங்கச் சுகம், வெல்லாவெளி வயலுக்கும் போய்வரலாம் என்று நான் சொல்கிறேன். என்ன செய்யட்டும்?

பதில்: தங்கச்சி, உங்கள் ஆசையில் பிழையில்லை. அதற்கு நீங்கள் சொல்லும் காரணங்கள்தான் பொருந்தவில்லை.

அம்மாவின் முழங்காலை எடுங்கள். ஜீப் வகை வாகனங்களில் பலவற்றின் இருக்கை ஏறக்குறைய நம் இடுப்பளவில் இருக்கும். குனிந்து இறங்கவும் வேண்டாம், காலைத் தூக்கி ஏறவும் வேண்டாம். அமர்ந்து திரும்பினால் போதும். வயதானவர்களுக்கு அவை பிடித்துப்போவது இதனால்தான். ஆனால் கியூ2 அந்தக் கூட்டத்தில் தாழ்வானது. அதன் மொத்த உயரம் 1.5 மீற்றரைச் சற்றே தாண்டும், உங்கள் அல்டோவைவிட ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர்தான் கூட. ஹொண்டா வெசலும் பி.எம்.டபிள்யூ எக்ஸ்1உம் 1.6 மீற்றர் அளவில் நிற்பவை. அம்மாவுக்காகத்தான் என்றால் அந்த இரண்டில் ஒன்றில் அவரை ஏற்றிப் பாருங்கள்.

வயல் பேச்சை விட்டேவிடுங்கள். 1.0 லீற்றர் கியூ2வுக்கு முன்சக்கரங்கள் மட்டுமே இழுக்கும். வெல்லாவெளி இருக்கும் படுவான்கரையின் கிறவல் வீதியில் கோடையில் மெதுவாகப் போய்வரலாம், மாரியில் சேற்றில் இறங்கினால் அல்டோவுக்கு நடப்பதுதான் இதற்கும் நடக்கும். வெள்ளம் வீதியைக் கடக்கும்போது, “ஜீப்தானே” என்று மட்டும் ஒருநாளும் நினைக்க வேண்டாம். 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் வெள்ளம் உழவு இயந்திரத்தையே பிள்ளைகளோடு இழுத்துப்போனது. நம் பகுதியில் யாரும் அதை மறக்கக் கூடாது.

அப்படியென்றால் அந்த வாகனத்தில் உங்களைப் பிடித்து வைத்தது எது? ஓட்டம்தான் என்று நினைக்கிறேன். 999 சீசீ, மூன்று சிலிண்டர் என்று கேட்டால் சின்ன எஞ்சின். ஆனால் காற்றை அழுத்தி ஊட்டும் டேர்போ இருப்பதால் 200 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை, அதாவது இழுவை, நிமிடத்துக்கு 2,000 சுற்றிலேயே வந்துவிடும். அல்டோவில் முழு மிதி மிதித்தாலும் கிடைப்பது 69. புணாணைப் பக்கம் லொறியொன்றை முந்தும்போது அல்டோ கத்தும், இது கத்தாது. கதவைச் சாத்தியதும் வெளிச்சத்தம் அடங்கும். ஸ்டியரிங் சொன்னபடி கேட்கும், மகியங்கனைப் பதினெட்டு வளைவிலும் உடல் ஆடாது. வேலை முடிந்து களைத்து வரும் ஒரு பெண்ணுக்கு இவ்வளவும் போதுமான காரணம். அம்மாவையும் வயலையும் சாட்டுக்கு இழுக்காமல், “எனக்கு இதை ஓட விருப்பம்” என்று கணவரிடம் நேராகச் சொல்லுங்கள். படம் காட்டுவதென்றால் இதைவிடப் பெரிய வாகனங்கள் எத்தனையோ இருக்கின்றன.

இனிக் கவலை தரும் பகுதி. 1,000 சீசீக்குக் குறைந்த எஞ்சினுக்கு அப்போது வரி குறைவு என்பதால்தான் கியூ2 இங்கு இவ்வளவு வந்தது. 2020 மார்ச்சில் இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்கள் ஓடியோடித் தேய்ந்தும் விலை இறங்கவில்லை. நீங்கள் பார்த்திருப்பதும் அப்படி ஒன்று. விலையைவிட அதன் கியரைப் பற்றித்தான் நான் அதிகம் யோசிப்பேன். அதிலுள்ளது ஏழு வேக இரட்டைக் கிளச் ஓட்டோ கியர், அதன் கிளச் எண்ணெயில் ஊறாத உலர் வகை. ஊர்ந்து ஊர்ந்து போகும் நெரிசலில் அது சூடேறித் தேயும். நீங்கள் தினமும் போகும் வழியில் காத்தான்குடிப் பேரீச்சமர வீதி இருக்கிறது, பெருநாள் காலத்தில் அங்கு வாகனம் நகருவதே பெரும்பாடு. வெசல் ஹைபிரிட்டிலும் இதே உலர் வகைதான். வந்த புதிதில் அதன் கியருக்காக யப்பானில் பலமுறை திருப்பி அழைத்தார்கள்.

கிளச் மாற்றவேண்டி வந்தால் அதைச் செய்யும் கையும் கருவியும் பெரும்பாலும் கொழும்பில், முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால். லீசிங் கட்டுக்காசோடு அந்தச் செலவுக்கும் ஒரு தொகையைத் தனியே ஒதுக்க முடியாவிட்டால் இந்த வருடம் வாங்க வேண்டாம். ஒக்டேன் 95 பெற்றோல்தான் அதற்கு வேண்டும் என்பதையும் மாதக் கணக்கில் சேருங்கள். நம் கடற்கரையின் உப்புக்காற்றுக்கு அடிப்பக்கத்தையும் அடிக்கடி கழுவுவிக்க வேண்டும்.

பணம் சரிவருமென்றால் வாங்குங்கள், எனக்குச் சந்தோசம். பார்க்கப் போகும்போது விற்பவரின் ஆளை நம்பாமல் உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிப்போய் கணினி ஸ்கேன் போடுவியுங்கள், சேர்விஸ் புத்தகத்தில் பதிந்த கிலோமீற்றரை மீற்றரோடு ஒத்துப் பாருங்கள். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, ஒரு சின்ன ஏற்றத்தில் நின்று நின்று மெதுவாக எடுங்கள். உதறினால் அந்த வாகனம் வேண்டாம், வேறொன்று வரும்.