வழிகாட்ட ஆள் வரும் என்று காத்திருக்க வேண்டாம்

கேள்வி: கணிதப் பட்டதாரி நான். வன்னியில் துணுக்காய் கல்வி வலயத்தில் முதல் நியமனம். தரம் 8 பிள்ளைகள் ஒரே சத்தம், அடக்க முடியவில்லை. உதவிக்கு ஆசிரிய ஆலோசகர் வருவார் என்றார்கள், இன்னும் காணவில்லை. பாடக்குறிப்பு எழுதித் தருகிறேன், இடமாற்றமும் எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் போன் எடுக்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: பிள்ளை, முதலில் அந்த ஆளின் போனை எடுப்பதை நிறுத்துங்கள். இடமாற்றத்தை முடிவு செய்வது இடமாற்றச் சபை. அதில் ஆசிரியர் சங்கப் பிரதிநிதிகளும் இருக்கிறார்கள். இடையில் நிற்கிறவருக்கு அங்கே கதிரையே கிடையாது. உங்கள் பெயர் தற்செயலாகப் பட்டியலில் வந்தால் காசு அவருக்கு, வராவிட்டால் "மேலிடத்தில் இழுபடுகிறது" என்பார். முதல் பாடசாலையில் எத்தனை வருடம் என்று நியமனக் கடிதத்தில் இருக்கும், அதை ஒருமுறை வாசியுங்கள். பாடக்குறிப்பும் அப்படித்தான். தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டி இணையத்தில் சும்மா கிடைக்கிறது. அதைப் பார்த்து எழுதியதைத்தான் உங்களிடம் விற்கப் பார்க்கிறார்.

ஆலோசகர் ஒரு நாள் வருவார். கொப்பியைப் பார்த்துக் கையெழுத்து வைத்துவிட்டு மத்தியான பஸ்ஸுக்குப் போய்விடுவார். காட்டுப் பாதைகளில் சிதறிக் கிடக்கிற இத்தனை பாடசாலைகளை வைத்துக்கொண்டு அவரும் என்ன செய்வார்? கல்வியியற் கல்லூரியில் படித்தவர்களுக்கு மூன்றாம் வருடம் முழுக்கக் கட்டுறு பயில்வு, அதாவது ஒரு பாடசாலையில் நின்று படிப்பித்துப் பழகுவது. பட்டத்தோடு நேரே வகுப்புக்கு வந்த உங்களுக்கு அதுவும் இல்லை. படிவம் நிரப்பச் சொல்ல மட்டும் ஆள் இருக்கிறது!

ஆகவே உங்கள் பாடசாலைக்குள்ளேயே ஒருவரைப் பிடியுங்கள். பிரம்போடு திரிகிறவர் வேண்டாம். எவருடைய வகுப்பில் பிள்ளைகள் தாமாகக் கொப்பியைத் திறக்கிறார்களோ அவர். முதலில் அவருடைய ஒரு பாடவேளையில் பின் வாங்கில் போய் இருங்கள். பிறகு உங்கள் வகுப்புக்கு அவரைக் கூப்பிடுங்கள். "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் வரும். ஒரே ஒரு வேலை கொடுங்கள்: நான் கரும்பலகைப் பக்கம் திரும்பியிருக்கும்போது யார் எழுதவில்லை என்று பாருங்கள். சத்தம் போடுகிற பிள்ளையின் கொப்பியில் அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்து 2/5 என்று இருக்கும். மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் தனித்தனியே கூட்டியிருக்கிறான். கீழ் வகுப்புக் கணக்கே அவனுக்கு விளங்கவில்லை. அங்கிருந்து தொடங்கினால் சத்தம் பாதி குறையும்.

சரி, அந்தப் பாடசாலையில் கணிதத்துக்கு நீங்கள் ஒருவர்தானா? வன்னியில் அது அதிசயமில்லை. வகுப்பு நடத்தும் முறையை எந்தப் பாட ஆசிரியரிடமும் பழகலாம். ஆரம்பப் பிரிவு ரீச்சர் ஒருவர் இதில் உங்களைவிடக் கெட்டிக்காரியாக இருப்பார், வெட்கப்படாமல் கேளுங்கள். கணக்குக்கு மட்டும் அதே கல்விக் கோட்டத்தில் பக்கத்துப் பாடசாலை கணித ஆசிரியரிடம் போங்கள். வாய்ப்பேச்சில் அனுமதி வாங்கிப் போனால் பின்னர் அந்த நாளை லீவாகப் போட்டுவிடுவார்கள். அதிபருக்குக் கடிதம் கொடுத்து, அதில் திகதியையும் பாடவேளையையும் எழுதி, அனுமதிக் கையெழுத்து வாங்குங்கள். பிரதியொன்று உங்களிடம் இருக்கட்டும்.