அமீரே மாஸி, அமீரே ஷஹீத் யாரு?
கஜினி அரசைப் பத்தி 11ம் நூற்றாண்டுல பாரசீகத்துல எழுதின பைஹகியோட வரலாற்றுல இந்த ரெண்டு பேரும் வர்றாங்க, இண்டெக்ஸ்ல தேடினா கிடைக்கலன்னு கேட்டிருந்தீங்க. இது ரெண்டும் நீங்க நினைக்கிற மாதிரி ஆளுங்க பேரே இல்ல, பட்டம் (அமீர்னா மன்னர்). மாஸி கஜினி மஹ்மூத், ஷஹீத் அவர் பையன் மஸ்ஊத்.

மாஸின்னா போய்ச் சேர்ந்தவர், பேப்பர்ல 'மறைந்த'ன்னு போடுவாங்களே அதேதான். ஷஹீத்னா உயிர்த்தியாகி, மஸ்ஊத் 1041ல கொல்லப்பட்டார், அதான் அந்தப் பட்டம். பைஹகி எழுத உக்காந்தப்போ ரெண்டு பேருமே உயிரோட இல்ல, அதனால பேரைச் சொல்லாம பட்டத்தையே பேர் மாதிரி போட்டுட்டுப் போயிட்டே இருப்பார், நீங்க இண்டெக்ஸ்ல பேரா தேடினா எப்படிக் கிடைக்கும்.

சந்தேகமா இருந்தா மாஸி வர்ற இடத்துல மஹ்மூத்னு போட்டுப் படிச்சுப் பாருங்க, சம்பவம் மஹ்மூத் இறந்த 1030க்கு முன்னாடின்னா கரெக்டா உக்காரும்.

ஆனா 'புகாரா வரலாறு'ங்கற புத்தகம் படிக்கறப்போ இதைப் போட்டுடாதீங்க. அங்க மாஸின்னா புகாராவை ஆண்ட சாமானி வம்சத்து இஸ்மாயில், ஷஹீத்னா 914ல சொந்த அடிமைங்களே கொன்ன அவர் பையன் அஹ்மத். அங்கயும் அப்பா-மகன் ஜோடிதான், நானே ஒருதடவை குழம்பியிருக்கேன்.