பத்தாம் எண் கதவு

வணக்கம்ங்கண்ணா,

திருப்பூரில் ஒரு எம்பிராய்டரி யூனிட்டில் டிசைன் பார்க்கிறேன். மெஷினுக்கு டிசைன் ஏற்றும் பென்டிரைவ் ஆபீஸ் விண்டோஸ் கம்ப்யூட்டரில் உடனே திறக்கிறது. என் லினக்ஸ் லேப்டாப்பில் செருகினால் அரை நிமிஷம் அசையாமல் நின்று, பிழைச் செய்திகளாகக் கொட்டிவிட்டுத்தான் வருகிறது. அவற்றை இணைத்திருக்கிறேன். பதில் ஒழுங்காகச் சொல்லாத பென்டிரைவை டிரைவர் (சாதனத்தோடு பேசும் மென்பொருள்) தள்ளிவிட வேண்டியதுதானே? எதற்கு மல்லுக்கட்டுகிறது?

செ., அவிநாசி

அன்புள்ள தம்பி,

செய்திகளைப் பார்த்தேன். எல்லாப் பிழையும் ஒரே செக்டாரில் (தகவல் எழுதும் சின்னக் கட்டம்), அதுவும் இல்லாத செக்டாரில்.

செருகியதும் டிரைவர் ‘ரீட் கெபாசிட்டி’ என்ற கட்டளையை அனுப்பும். பதில் எட்டே பைட். முதல் நான்கில் கடைசி செக்டாரின் எண், அடுத்த நான்கில் ஒரு செக்டாரின் அளவு. எண் பூஜ்யத்தில் தொடங்குவதால் ஒன்றைக் கூட்டினால் மொத்தம். நம்மூர் லைன் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பத்து வீடு, கதவில் 0 முதல் 9 வரை எண். கடைசிக் கதவு எண் என்ன என்று கேட்டால் உங்கள் பென்டிரைவ் ‘பத்துங்க’ என்கிறது. டிரைவர் ஒன்றைக் கூட்டி, பதினோரு வீடு என்று நம்பி, பத்தாம் எண் கதவைத் தட்டப் போகிறது. அங்கே வெறும் சுவர்.

அங்கே என்ன வேலை என்றால், டிரைவ் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் ஜிபிடி பட்டியலின் நகலுக்குரிய தலைப்பு கடைசி செக்டாரில்தான் இருக்கும். பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு முறையின் சில அடையாளங்களும் அந்தப் பக்கம்தான். ஒழுங்கான சாதனம் ‘அப்படி ஓர் இடமே இல்லை’ என்று சொல்லிவிடும். சிலது வாயே திறக்காது. லினக்ஸ் வழக்கமாக 30 விநாடி பார்த்துவிட்டு ரீசெட் செய்யும். உங்கள் அரை நிமிஷம் அதுதான்.

தள்ளிவிடுவதில் எனக்குச் சம்மதமில்லை. உள்ளே இருப்பது உங்கள் டிசைன். பொய்யும் எப்போதும் ஒரே பொய். ஒன்றைக் கழித்தால் சரி. இப்படிப்பட்டவற்றுக்கென்றே லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் ஒரு பட்டியல் உண்டு, பழைய டிஜிட்டல் கேமராக்கள் அதில் நிறைய. ஒரு குறுக்கு வழியும் வைத்திருக்கிறார்கள்: மொத்தம் பெரும்பாலும் இரட்டைப்படையாகத்தான் இருக்கும், ஒற்றைப்படை வந்தால் ஒன்றைக் குறை. மண்டிக் கணக்குப்பிள்ளை புத்தி!

ஆனால் செக்டார் அளவே பூஜ்யம் என்று பதில் வந்தால்? லினக்ஸ் 512 பைட் என்று வைத்துக்கொள்கிறது. அது எனக்குக் கொஞ்சம் உறுத்தும். கேள்விப்படாத அளவு வந்தால் கொள்ளளவைப் பூஜ்யமாக்கிவிடுகிறது, அது நியாயம்.

டெர்மினலில் ‘எல்எஸ்யூஎஸ்பி’ (lsusb) என்ற கட்டளையைக் கொடுத்தால் வென்டார் எண்ணும் ப்ராடக்ட் எண்ணும் வரும். பென்டிரைவைக் கையாளும் யூஎஸ்பி ஸ்டோரேஜ் மாட்யூலின் (usb-storage) ‘குவர்க்ஸ்’ (quirks) அளவுருவில் அந்த இரண்டையும் எழுதி, கடைசியில் ‘சி’ (c) என்ற ஆங்கில எழுத்தைச் சேருங்கள். ஒன்றைக் கழிக்கச் சொல்லும் குறி அது. அதே எண்ணுள்ள நல்ல பென்டிரைவைச் செருகினால் அதன் கடைசி செக்டார் மறைந்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.