ஃபியூஸ் கேரியர்: வாசகர் கேள்வி – பதில்

துணை மின்நிலையங்களில் 32 வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பொறியாளர் பதில் சொல்கிறார். இந்த இதழில் மின்சாரக் கார் கேள்விகள் மட்டும்.

நெடுஞ்சாலையில் 25 கிலோமீட்டருக்கு ஒரு சார்ஜிங் ஸ்டேஷன் வந்துவிட்டால் சென்னை – திருச்சி பயணம் கவலையில்லாமல் ஆகிவிடுமா?
– வாசகர், தாம்பரம்

25 கிலோமீட்டர் என்பது 2022-ல் ஒன்றிய மின்துறை வெளியிட்ட வழிகாட்டுதலில் இருந்த கணக்கு. சாலையின் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும் என்றும் அதில் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வண்டிக்காரர் ஸ்கேலை வைத்து அளந்து அளந்து நிற்பதில்லையே! காலை ஐந்து மணிக்கு வீட்டில் முழு சார்ஜோடு கிளம்புகிறவர் செங்கல்பட்டில் ஏன் நிற்கப் போகிறார்? விழுப்புரம் வரும்போது 160 கிலோமீட்டர் ஓடியிருக்கும். பேட்டரியும் பாதிக்குக் கீழே, வயிறும் காலி. திருச்சியிலிருந்து வருகிறவருக்கும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் பசிக்கிறது. சேலம் போகிற வண்டிகளும் உளுந்தூர்பேட்டை வரை இதே சாலையில்தான் வருகின்றன. ஆக, விழுப்புரத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் நடுவில்தான் கூட்டம் குவியும். என்னைக் கேட்டால், பத்து இடத்தில் ஒவ்வொரு கன் (சார்ஜ் ஏற்றக் காரில் செருகும் முனை) வைப்பதைவிட இந்தத் துண்டில் ஒரே இடத்தில் ஆறு கன் வைப்பேன்.

வைக்க விடாமல் தடுப்பது டிரான்ஸ்பார்மர். 60 கிலோவாட் கன் இரண்டு ஓடினால் 120 கிலோவாட். ஊருக்குள் நாம் பார்க்கிற 100 கே.வி.ஏ. (அதிகபட்சம் 100 கிலோவாட்) டிரான்ஸ்பார்மர் அதைத் தாங்காது. அதில் ஏற்கெனவே வீடும் ரைஸ் மில்லும் தொங்கிக்கொண்டிருக்கும். அதனால் இடம் பார்க்கப் போகிறவர்கள் முதலில் ஹோட்டலைப் பார்க்கட்டும், அடுத்து பக்கத்தில் துணை மின்நிலையம் எங்கே, அங்கிருந்து வரும் மின்பாதையில், அதாவது ஃபீடரில், மிச்சம் எவ்வளவு என்று கேட்கட்டும். நிலத்தின் விலையை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

பொங்கலுக்கு முந்தின நாள் மாப்பிள்ளையின் காரில் ஊருக்குப் போனேன். வழியில் ஒரு இடத்தில் இரண்டு கன், அதில் ஒன்றின் மேல் ‘வேலை செய்யவில்லை’ என்று காகிதம். எங்களுக்கு முன்னால் நான்கு வண்டி. 40 யூனிட் பேட்டரியை 20 சதவீதத்திலிருந்து 80-க்கு ஏற்ற, 60 கிலோவாட்டில் காகிதக் கணக்குப்படி 24 நிமிடம். நிஜத்தில் அரை மணியைத் தாண்டும், ஏனென்றால் பேட்டரி நிரம்ப நிரம்ப வண்டியே சார்ஜ் ஏறும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இரண்டு மணி நேரம் யார் நிற்பது? எழுந்து போய் அந்தக் காகிதம் ஒட்டிய மெஷினைச் சுற்றி வந்தேன். பக்கவாட்டில் சிவப்பு எமர்ஜென்சி பட்டன் உள்ளே அமுங்கிக் கிடந்தது. ஏதோ குழந்தை அழுத்தியிருக்கும். திருகி விட்டதும் வெளியே வந்தது, இரண்டு நிமிடத்தில் திரை எரிந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த பையன், “சார், மூணு நாளா இப்படித்தான் இருக்கு, யாருக்குச் சொல்றதுன்னு தெரியல” என்றான். அந்த மூன்று நாளும் வரைபடத்தில் அங்கே இரண்டு கன் என்றுதான் காட்டியிருக்கும்.

ஊட்டியில் எங்களுக்குச் சின்ன லாட்ஜ் இருக்கிறது. ஃபாஸ்ட் சார்ஜர் போடச் சொல்கிறார்கள். போடலாமா?
– வாசகி, மேட்டுப்பாளையம்

வேண்டாம் அம்மா. ஃபாஸ்ட் சார்ஜர் இருக்க வேண்டியது நீங்கள் இருக்கிற மேட்டுப்பாளையத்தில். அங்கிருந்து ஊட்டிக்குச் சுமார் 1,900 மீட்டர் ஏற்றம். நான்கு பேரோடு 1,700 கிலோ வரும் காரை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டுமே ஏறத்தாழ 9 யூனிட் ஆகும். சாலையில் ஓடுவதற்கான செலவு தனி. மொத்தத்தில், சமவெளியில் அதே தூரம் ஓடுவதைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. எனவே மலையேறும் முன் கீழே அவசரமாக ஏற்றிக்கொள்ள வழி வேண்டும்.

மேலே வந்தவர் இரவு தங்கத்தானே வருகிறார்? கார் பார்க்கிங்கில் 15 ஆம்பியர் சாக்கெட் ஆறு போடுங்கள். ஒவ்வொன்றிலும் 3 கிலோவாட் என்றால் மொத்தம் 18 கிலோவாட்தான். ஒன்பது மணி நேரத்தில் காருக்கு 27 யூனிட் ஏறிவிடும். ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனி எம்.சி.பி. (லோடு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), நல்ல எர்த், மழை படாத மூடி. இதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

காலையில் கிளம்புகிறவர்களிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: நூறு சதவீதம் ஏற்றாதீர்கள். இறக்கத்தில் மோட்டார் ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்கு மின்சாரம் அனுப்பும், வண்டியும் தானாக வேகம் குறையும். பேட்டரி நிரம்பியிருந்தால் அந்த மின்சாரம் போக இடமில்லை. அப்புறம் அத்தனை கொண்டை ஊசி வளைவுக்கும் பிரேக்தான். எண்பதில் நிறுத்தினால் போதும்.

சாலையோரம் டீக்கடை வைத்திருக்கிறேன். சார்ஜிங் பாயிண்ட் வைக்க லைசென்ஸ் வேண்டுமா?
– வாசகர், திண்டிவனம்

வேண்டாம். சார்ஜ் ஏற்றித் தருவது சேவை, மின்சார விற்பனை அல்ல என்று ஒன்றிய அரசு 2018-லேயே தெளிவாக்கிவிட்டது. ஆனால் கடை இணைப்பிலிருந்து ஒயர் இழுக்காதீர்கள். பொது சார்ஜிங்குக்குத் தனிக் கட்டணப் பிரிவு இருக்கிறது, தனி மீட்டருக்கு மனுப் போடுங்கள். முதலில் ஸ்கூட்டர்களுக்கு இரண்டு பாயிண்ட் போதும். டீ விற்பனை கூடுகிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.