"கியர்பாக்ஸ் பக்கா" என்று சொல்லி விற்ற ஆர்எக்ஸ் 100

கேள்வி: பழைய பைக்குகளை வாங்கி விற்கும் ஒருவரிடம் 1992 மாடல் ஆர்எக்ஸ் 100 ஒன்றை, நானே தயார் செய்து ஓட்டலாம் என்று 58,000 ரூபாய்க்கு வாங்கினேன். கார்புரேட்டரைக் கழற்றி வைத்திருந்ததால் ஓட்டிப் பார்க்க முடியவில்லை. "எஞ்சின்ல கொஞ்சம் வேலை இருக்கு, கியர்பாக்ஸ் பக்கா" என்று வாட்ஸ்அப்பில் வாய்ஸ் அனுப்பினார். ரசீதில் "உள்ளது உள்ளபடி" என்று எழுதியிருக்கிறது. ஒரு மாதம் கழித்து ஸ்டார்ட் செய்தால், ஆக்சிலேட்டர் முறுக்கியதும் இரண்டாவது கியர் துள்ளி நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்ய 17,000 ஆகும் என்கிறார் மெக்கானிக். விற்றவரோ "பார்த்துத்தானே வாங்கினீங்க" என்கிறார். பணம் கிடைக்குமா?
– மதுரை வாசகர்

பதில்: எஞ்சினை இப்போதைக்குப் பிரிக்க வேண்டாம் என்று மெக்கானிக்கிடம் உடனே சொல்லிவிடுங்கள். பழைய புல்லட்டாக இருந்தால் கியர்பாக்ஸ் தனி. அதை மட்டும் கழற்றிக் காட்டலாம். ஆர்எக்ஸில் எஞ்சினின் உலோகக் கூடான கிராங்க்கேஸை இரண்டாகப் பிரித்தால்தான் பல்சக்கரமே கண்ணில் படும். பிரித்த பிறகு, "உங்க மெக்கானிக்தான் கெடுத்துட்டார்" என்பார் எதிர்த்தரப்பு வக்கீல். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்வேன்.

அதனால் முதலில் ஸ்பீடு போஸ்டில் ஒரு நோட்டீஸ். இன்ன தேதியில், இன்ன ஒர்க்‌ஷாப்பில் பிரிக்கிறோம், நேரில் வந்து பாருங்கள் என்று அதில் இருக்கட்டும். வந்தாலும் வராவிட்டாலும் அன்று முழுவதையும் வீடியோ எடுங்கள். கியர் ஆயிலை வெள்ளைத் துணியில் வடித்தால் இரும்புத் துணுக்கு நிற்கிறதா? கிராங்க்கேஸின் இரு பாதியும் சேரும் கோட்டில் புதிய சிலிகான் பசை பிதுங்கியிருக்கிறதா? பின்னது முக்கியம். சமீபத்தில் யாரோ பிரித்து மூடியிருக்கிறார்கள் என்பதற்கு அது அடையாளம். அதை விற்றவரே செய்தார் என்று காட்ட முடிந்தால், "எனக்குத் தெரியாது" என்று அவர் சொல்வது எடுபடாது.

அவருக்குத் தெரியுமா என்பதில்தான் உங்கள் வழக்கே இருக்கிறது. பழுதைச் சொல்லாமல் விட்டிருந்தால் அவர் பக்கம் பலம். சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலே தெரிந்திருக்கும் என்றால், 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 19-வது பிரிவு வாங்கியவரைக் கைவிட்டுவிடும். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தைக் கையால் சுற்றியபடி கியர்களைப் போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்பார்கள். பார்த்திருந்தாலும், லோடு ஏறினால் மட்டும் துள்ளும் கியர் அதில் சிக்காது என்று தைரியமாகச் சொல்லுங்கள். ஆனால் அவர் மௌனமாக இல்லையே, "பக்கா" என்று வாய்திறந்து சொன்னாரே! பொய் என்று தெரிந்தே சொன்னது நிரூபணமானால், அது 17-வது பிரிவின்படி மோசடி. "உள்ளது உள்ளபடி" என்ற இரண்டு சொல் அதை மறைத்துவிடாது. போனை ரீசெட் செய்துவிடாதீர்கள். அந்த வாய்ஸ்தான் உங்கள் முதல் சாட்சி.

எங்கே போவது? அவர் வியாபாரி என்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். (தன் சொந்த வண்டியை விற்ற தனிநபர் என்றால் சிவில் நீதிமன்றம்தான்.) நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், 2 ஆண்டுக்குள். விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. ஒன்று மட்டும்: தயார் செய்து நல்ல விலைக்குத் தள்ளிவிடலாம் என்று யாருக்காவது மெசேஜ் போட்டிருக்கிறீர்களா? மறுவிற்பனைக்காக வாங்கியவர் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோரே அல்ல.

58,000-ஐயும் திருப்பிக் கேட்க நான் சொல்லமாட்டேன். ஒரு மாதம் வைத்து வேலை பார்த்த பொருளை ஏற்றுக்கொண்டதாகவே கொள்வார்கள். அப்புறம் இழப்பீடுதான் வழி. ரிப்பேர் செலவு, நோட்டீஸ் செலவு, அலைச்சலுக்கு ஒரு தொகை, இவ்வளவு கேளுங்கள். நோட்டீஸ் கையில் கிடைத்ததுமே பாதியாவது தருகிறேன் என்று இறங்கி வருபவர்கள் உண்டு.

பெயர் மாற்றம் பற்றி நீங்கள் எழுதவில்லை. வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்டிஓ அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். 1992 வண்டி என்பதால், 15 ஆண்டுக்குப் பிறகு ஆர்.சி.யை ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். கியர் பேரிங் உட்காரும் இடம் தேய்ந்திருந்தால், வேறு கிராங்க்கேஸ் மாட்டிவிடலாம் என்பார் மெக்கானிக். எஞ்சின் நம்பர் அந்தக் கிராங்க்கேஸில்தான் அடித்திருக்கிறது. ஆர்.சி.யில் உள்ள நம்பரோடு பொருந்தாத எஞ்சினை மாட்டிக்கொண்டால், அடுத்த முறை எனக்கு வேறு கேள்வி எழுத வேண்டியிருக்கும்.